பச்சை விளக்கு எரிந்தால் நம்பலாம்

காமிக் புக் ரிசோர்சஸ் என்ற அமெரிக்க காமிக்ஸ் செய்தித் தளத்தை முதன்முதலில் திறந்தபோது நான் தேடிப்போனது இரும்புக்கை மாயாவியை. 2003-ஆம் ஆண்டு, மதுரையில் ஒரு பிரவுசிங் சென்டர், மணிக்கு 20 ரூபாய். பிரிட்டனில் ‘ஸ்டீல் க்ளா’ என்ற பெயரில் வந்த அந்த நாயகனுக்குச் சொந்த ஊரில் என்ன ஆனது என்று தெரிந்துகொள்ள, முத்து காமிக்ஸ் தயவில் வளர்ந்த எனக்கு ஓர் ஆசை. அமெரிக்க சூப்பர் ஹீரோக்களே நிறைந்திருந்த அந்தப் பக்கங்களில் மாயாவி அகப்படவில்லை. அகப்பட்டது ஒரு போக்குவரத்து விளக்கு.

ரிச் ஜான்ஸ்டன் என்ற பிரிட்டிஷ் எழுத்தாளர் அங்கே ‘லையிங் இன் தி கட்டர்ஸ்’ என்ற வாரப் பத்தியை எழுதிக்கொண்டிருந்தார். முழுக்க முழுக்கக் கிசுகிசு. எந்தத் தொடர் யார் கைக்கு மாறுகிறது, எந்த ஓவியருக்கும் எந்தப் பதிப்பகத்துக்கும் மனக்கசப்பு என்ற வகை. ஆனால் துணுக்குகளின் பக்கத்தில் ஒரு விளக்கு எரியும். பச்சை என்றால் நம்பலாம். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். சிவப்பு என்றால் சிரித்துவிட்டு நகரலாம். கிசுகிசு எழுதுகிறவர் தன் சரக்கின் தரத்தைத் தானே எழுதி ஒட்டியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ‘அந்த மூன்றெழுத்து நடிகை’களைப் படித்துப் பழகிய கண்ணுக்கு அது அதிசயம்தான்.

தளத்தைத் தொடங்கியவர் ஜோனா வெய்லண்ட். மார்க் வெய்டும் அலெக்ஸ் ராஸும் சேர்ந்து உருவாக்கிய ‘கிங்டம் கம்’ என்ற தொடரை அமெரிக்கப் பதிப்பகமான டிசி 1996-இல் வெளியிட்டது. அதைப் பற்றி ரசிகர்கள் பேசிக்கொள்ள அவர் அமைத்த இடம்தான் வளர்ந்து செய்தித் தளமாயிற்று. அந்த ரசிக வாடை நெடுங்காலம் போகவில்லை. வாசகருக்கும் படைப்பாளிக்கும் நடுவில் சுவர் மெல்லியதாக இருந்தது. சிகை அலங்காரத் தொழிலில் இருந்த கெயில் சிமோன் அங்கே நையாண்டிப் பத்தி எழுதியவர். நான் உள்ளே நுழைந்த அதே ஆண்டில் அவர் டிசிக்காக ‘பேர்ட்ஸ் ஆஃப் ப்ரே’ தொடரை எழுதத் தொடங்கியிருந்தார். பின்னாளில் டிசியின் போட்டிப் பதிப்பகமான மார்வெலின் தலைமை ஆசிரியர் ஜோ கெசாடாவே ‘கப் ஓ ஜோ’ என்ற பகுதியில் வாசகர் கேள்விகளுக்குப் பதில் சொன்னார். பாதி விளம்பரம்தான், மறுக்கவில்லை. ஆனாலும் மீதிப் பாதிக்காகப் படித்தேன்.

ஜூலை மாதம் வந்தால் என் தூக்கம் போய்விடும். அமெரிக்காவின் பெரிய காமிக்ஸ் மாநாடான சான் டியேகோ காமிக்-கானில் பகல் என்றால் நமக்கு நள்ளிரவு. பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம். மாநாட்டு மண்டபத்துக்கு அருகே தண்ணீரில் ஒரு உல்லாசப் படகை நிறுத்திவைத்து, அதில் எழுத்தாளர்களையும் ஓவியர்களையும் உட்காரவைத்து இந்தத் தளத்தார் பேட்டி எடுத்தார்கள். மண்டபத்துக் கூட்டத்திலிருந்து தப்பி வந்தவர்கள் என்பதாலோ என்னவோ, படகில் எல்லோரும் கொஞ்சம் மனம்விட்டே பேசினார்கள். காமிக்ஸ் உலகின் பெரிய விருதான ஐஸ்னர், இதழியல் பிரிவில் 2011-இலும் 2014-இலும் இவர்களுக்குக் கிடைத்தது.

2009-இல் ஜான்ஸ்டன் விளக்கை எடுத்துக்கொண்டு கிளம்பி, ‘ப்ளீடிங் கூல்’ என்ற தனித் தளம் கண்டார். 2016-இல் வெய்லண்ட் தன் தளத்தைக் கனடாவின் வால்நெட் நிறுவனத்துக்கு விற்றார். பெயர் மூன்றெழுத்தாகச் சுருங்கி, சிபிஆர் ஆயிற்று. நான் தினமும் படித்துவந்த ‘ரோபாட் 6’ என்ற காமிக்ஸ் வலைப்பதிவுப் பகுதி முடிவுக்கு வந்தது. திரைப்படம், தொலைக்காட்சி, அனிமே, வீடியோ கேம் என்று பரப்பு விரிந்தது. என் வீட்டு இளவட்டங்களுக்கு அதுவே வசதி. எனக்கு வேண்டியதோ அச்சில் வரும் காமிக்ஸ் மட்டும்.

சுற்றிலும் மற்ற காமிக்ஸ் செய்தித் தளங்களின் பாடு இதைவிட மோசம். 2015-இல் ஐஸ்னர் வாங்கிய ‘காமிக்ஸ் அலையன்ஸ்’ 2017-இல் நின்றுபோனது. ‘நியூஸராமா’ 2020-இல் ஒரு வீடியோ கேம் செய்தித் தளத்துக்குள் குடியேறியது. ‘காமிக்ஸ் ரிப்போர்ட்டர்’ நடத்திய டாம் ஸ்பர்ஜன் 2019-இல் மறைந்தார். பெயர் வேண்டாம், இன்னொரு தளத்தில் நான் குறித்துவைத்திருந்த பேட்டிகளை ஒருநாள் திறந்தால் வெறும் பிழைச்செய்திதான் வந்தது. அன்றிலிருந்து பிடித்த கட்டுரைகளைக் கணினியில் சேமித்துக்கொள்கிறேன்.

இத்தனைக்கும் பிறகு நான் சிபிஆர் பக்கம் இன்னும் போவது ஒரே ஆளுக்காக. பிரையன் க்ரோனின் 2005-இல் தொடங்கிய ‘காமிக் புக் லெஜண்ட்ஸ் ரிவீல்ட்’ பத்தி, உரிமையாளர் மாறிய பிறகும் தொடர்ந்தது. காமிக்ஸ் உலகில் காலங்காலமாக உலவும் கதைகளை எடுத்து, உண்மை, பொய் என்று தீர்ப்பெழுதும் வேலை. தீர்ப்பைவிட விசாரணைதான் ருசி. பழைய இதழ்களையும் பேட்டிகளையும் புரட்டி, சொன்னது யார், எப்போது சொன்னார் என்று பிரித்து வைப்பார்.

கைகளிலிருந்து கூரிய நகங்கள் நீளும் மார்வெல் நாயகன் வுல்வரினை எடுத்துக்கொள்ளுங்கள். 1974-இல் அவர் அறிமுகமானபோது நகங்கள் கையுறையின் பகுதி என்றுதான் எழுத்தாளர் லென் வீன் நினைத்திருந்தார். அவை உடலோடு சேர்ந்தவை என்று 1976-இல்தான் கதையில் வந்தது. இது மெய். ஆனால் அவர் மனிதனாக உருமாறிய விலங்கு என்பதே வீனின் திட்டம் என்று கூடவே உலவிய கதையை வீனே மறுத்தார். மெய்யும் புரளியும் ஒரே சட்டைப்பையில் கிடக்கும்; எது எது என்று பிரிக்கப் பொறுமை வேண்டும். ஜான்ஸ்டன் நாளை நடக்கப்போவதற்கு விளக்குப் போட்டார், க்ரோனின் நேற்று நடந்ததற்குப் போடுகிறார். எனக்கு இரண்டாமவரே உசத்தி.

மாயாவி கதை பாதியில் நிற்கிறது அல்லவா? 2005-இல் டிசியின் வைல்ட்ஸ்டார்ம் பிரிவு ‘ஆல்பியன்’ என்ற தொடரை வெளியிட்டது. பிரபல பிரிட்டிஷ் காமிக்ஸ் எழுத்தாளர் ஆலன் மூர் கதைக்கரு தர, அவர் மகள் லியா மூரும் ஜான் ரெப்பியனும் எழுதினார்கள். அடைபட்டுக் கிடக்கும் பழைய பிரிட்டிஷ் நாயகர்களின் கதை அது. அவர்களில் நம்மவரும் இருந்தார்.

புதிதாக அந்தத் தளத்துக்குப் போகிறவர்கள் முகப்புப் பக்கத்தில் ஆரம்பிக்க வேண்டாம். தேடும் பெட்டியில் க்ரோனின் பெயரை இட்டு, பழைய பத்திகளாகப் பார்த்து ஒன்றைத் திறவுங்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் என்றால் இன்னும் நல்லது. ஒன்றோடு நிறுத்த முடியாது.