ரொம்பத் தாழப் பறந்தால் குண்டு வெடிக்காது

இந்த மேசைப் போர் விளையாட்டுப் பெட்டியில் நாலு பொம்மைக் கப்பல், பன்னிரண்டு பொம்மை விமானம், ஒரு நீல விரிப்பு, 24 பக்க விதிப்புத்தகம், கை நிறையப் பத்துமுகப் பகடை. 1982 மே மாதம் ஃபாக்லாந்துத் தீவுகளில் அர்ஜென்டினாவின் ஜெட் விமானங்கள் பிரிட்டிஷ் கப்பல்களைத் தாக்கிய சில நாட்கள்தான் ஆட்டம் முழுக்க. நானும் அக்கா மகனும் இதுவரை ஏழு முறை ஆடிவிட்டோம். அவன் எப்போதும் அர்ஜென்டினா. எனக்குக் கப்பல்கள்.

முதலில் ஒரு முணுமுணுப்பு. கப்பல்கள் 1/1200 அளவு, விமானங்கள் 1/600. கோவென்ட்ரி என்ற பிரிட்டிஷ் கப்பல் பத்து சென்டிமீட்டர் சொச்சம் நீளம், பக்கத்தில் அர்ஜென்டினாவின் ஸ்கைஹாக் விமானம் இரண்டு சென்டிமீட்டர். பார்க்கக் காக்கைக்குப் பக்கத்தில் பல்லி மாதிரி இருக்கிறது. ஆனால் விமானத்தையும் 1/1200-இல் செய்திருந்தால் பெயின்ட் அடிக்க என் கண் ஒத்துழைத்திருக்காது. விமானத்தைத் தாங்கும் கம்பி மட்டும் மன்னிக்கவே முடியாதது. ஒன்று வளைகிறது, இல்லையென்றால் சாய்கிறது. தடிமனான கம்பியை நானே வெட்டி ஒட்டிக்கொண்டேன்.

இந்த ஆட்டத்தின் உயிர் உயர விதியில் இருக்கிறது. விமானத்துக்கு நாலு உயரம். அடிமட்டத்தில், அலையை உரசிக்கொண்டு வந்தால் கப்பலின் சீ டார்ட் ஏவுகணைக்குக் கிட்டத்தட்ட சிக்காது. ஆனால் அங்கிருந்து குண்டு போட்டு அது கப்பலில் பட்டாலும் இன்னொரு பகடை உருட்டியாக வேண்டும்: ஒன்றிலிருந்து ஆறு வரை விழுந்தால் குண்டு வெடிக்காது. குண்டு விழுகிற நேரம் குறைந்துபோவதால் அதை வெடிக்க வைக்கும் ஃப்யூஸ் தயாராவதில்லை. நிஜத்திலும் இதுதான் நடந்தது. மே 21 அன்று ஆன்ட்ரிம், ஆர்கனாட் இரண்டு கப்பல்களிலும் பாய்ந்த குண்டுகள் வெடிக்காமல் உள்ளேயே கிடந்தன.

எங்கள் முதல் ஆட்டத்தில் பயல் மூன்று குண்டைக் கச்சிதமாகப் போட்டான். மூன்றும் புஸ்.

"மாமா, இது அநியாயம்!"

"ஒரு படி மேலே ஏறிப் போட வேண்டியதுதானே?"

"ஏறினா நீங்க சுட்டுடுவீங்களே!"

அவ்வளவுதான் ஆட்டமே. ஒவ்வொரு சுற்றிலும் இந்தக் கணக்கு அவன் முகத்தில் ஓடுவதைப் பார்க்கலாம்.

கப்பல் பக்கம் ஆடுபவருக்கு முதல் இரண்டு சுற்றும் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற வேலைதான். ஆனால் மே 25 தாக்குதலை வைத்து ஆடும் ஆட்டத்தில் அப்படியில்லை. அதில் பெபிள் தீவுக்கு வடக்கே கோவென்ட்ரியும் பிராட்ஸ்வேர்டும் சேர்ந்து நிற்கின்றன. கோவென்ட்ரியிடம் தொலைவுக்கான சீ டார்ட், பிராட்ஸ்வேர்டிடம் தாழப் பறப்பதையும் அடிக்கும் சீ வுல்ஃப் ஏவுகணை. சீ வுல்ஃப் சுட வேண்டுமென்றால் ஏவுமிடத்திலிருந்து விமானம் வரை ஒரு நூலைப் பிடிக்க வேண்டும். நடுவில் வேறு கப்பல் வந்தால் சுட முடியாது. கோவென்ட்ரியைத் திருப்பி விமானத்துக்கு ஒல்லியான பக்கத்தைக் காட்டினேன். பெருமையாக நூலைப் பிடித்தால் அது நேராகக் கோவென்ட்ரி மேலேயே போகிறது. 1982-இல் அந்தக் கப்பல் இப்படித்தான் திரும்பி பிராட்ஸ்வேர்டின் பார்வையை மறைத்தது, குண்டுகள் விழுந்து சுமார் இருபது நிமிடத்தில் கவிழ்ந்தது. இதை எத்தனையோ தடவை படித்தவன் நான். அப்படியும் என் கையாலேயே அதைச் செய்தேன்.

கப்பலை அடிக்கும் எக்ஸோசெட் ஏவுகணையை வைத்து ஆடும் ஆட்டம் சப்பை. அர்ஜென்டினாவின் சூப்பர் எத்தாந்தார் விமானம் மேசைக்கு வெளியிலிருந்தே ஏவிவிட்டுத் திரும்பிவிடுகிறது. இரண்டு பகடையில் முடிந்தது கதை. வரலாறு அப்படித்தான், அதற்காக அரை மணி நேரம் மேசையை அடுக்க வேண்டுமா? எரிபொருள் அட்டவணையும் கணக்குப் பரீட்சை மாதிரி. அர்ஜென்டினாவின் டாகர் விமானத்துக்கு வானில் எரிபொருள் நிரப்பும் வசதி இல்லை, அதனால் சுற்றி வரக் கூடாது என்று ஒரே வரியில் சொல்லியிருக்கலாம். நாங்கள் அந்தப் பக்கத்தை விட்டுவிட்டு, டாகருக்கு ஒரே ஒரு தாக்குதல் என்று வைத்துக்கொண்டோம். பிரிட்டிஷ் போர் விமானமான சீ ஹாரியருக்கான விதிகள் பரவாயில்லை.

ஒரு ஆட்டத்துக்கு ஒன்றரை மணி நேரம் ஆகிறது. இரண்டு பேர் போதும். மூன்றாவது ஆள் வந்தால் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன விதி இருக்கிறது, அவசரத்தில் யாரும் படிக்க மாட்டார்கள். வெடிக்காத குண்டு கப்பலுக்குள் இருந்தால், புள்ளி எண்ணும் முன்பு செயலிழக்கச் செய்யப் பகடை உருட்ட வேண்டும். ஆன்டலோப் என்ற பிரிட்டிஷ் கப்பல் அப்படித்தான் போனது. மே 23 அன்று இரண்டு குண்டு விழுந்தும் வெடிக்காமல் தப்பியது, ஒன்றைச் செயலிழக்கச் செய்யும்போது வெடித்தது, மறுநாள் மூழ்கியது. போன வாரம் நான் ஜெயித்துவிட்டதாக விமானங்களைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தேன். "மாமா, கடைசிப் பக்கம்" என்றான் பயல். உருட்டினேன். ஒன்று.