2,87,000 கிலோமீட்டர் ஓடிய இன்னோவாவும் கிருஷ்ணகிரியில் இரண்டு நாளும்

ஜூன் விடுமுறைக்குச் சிங்கப்பூரிலிருந்து வந்து அப்பாவின் இன்னோவாவில் ஏறியதுமே ஒரு வாடை முகத்தில் அடித்தது. புளித்த மாம்பழம், ஈரச் சாக்கு, டீசல் மூன்றும் கலந்த வாடை. 2012-இல் வாங்கிய வண்டி, மீட்டரில் 2,87,000 கிலோமீட்டர். காவேரிப்பட்டணம் பக்கத்துத் தோப்பிலிருந்து மண்டிக்குப் போகிற மாங்காய்க் கூடையில் பாதி இதன் பின்சீட்டை மடக்கித்தான் போகும்.

நான் இருக்கிற ஊரில் வாகன உரிமைச் சான்றிதழ் 10 வருடத்துக்குத்தான். அதற்குமேல் ஓட்ட வேண்டுமென்றால் பெருந்தொகை கட்டிப் புதுப்பிக்க வேண்டும் என்பதால் நல்ல வண்டியையே பலர் கொடுத்துவிடுவார்கள். நம் ஊரில் சொந்த வண்டிக்கு ஆர்.சி. 15 வருடம், பிறகு எஃப்.சி. எனும் தகுதிச் சான்று காட்டி ஐந்தைந்து வருடமாக நீட்டிக்கலாம். அப்பா நீட்டிக்கத்தான் போகிறார். அப்படியென்றால் வண்டியை ஒருமுறை உள்ளும் புறமும் முறையாகச் சுத்தம் செய்து கொடுத்துவிட்டுப் போவோம் என்று முடிவு செய்தேன்.

போன தடவை வந்தபோது அவசரத்தில் ஒரு வாட்டர் சர்வீஸில் விட்டு ஏமாந்தேன். தரையைத் துடைத்த துணியாலேயே பானெட்டையும் தேய்த்தார்கள். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி வட்ட வட்டமாகக் கீறல். அடியில் டீசல் அடித்துவிட்டிருந்தார்கள். பளபளப்பாகத் தெரியும், உண்மைதான். ஆனால் டீசல் பட்ட ரப்பர் புஷ் ஊறி உப்பிப்போகும், மேலே செம்மண் வேறு அப்பிக்கொள்ளும். அதனால் இந்த முறை நாலு இடத்தில் விசாரித்தேன். ஒரே கேள்விதான் கேட்டேன்: “எத்தனை வாளி வச்சுக் கழுவுவீங்க?” மூன்று இடத்தில் சிரித்தார்கள். பெங்களூர் சாலையில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்த பர்கூர்ப் பையன் மட்டும், “ரெண்டுக்கா. ஒண்ணுல சோப்புத் தண்ணி, ஒண்ணுல துணிய அலசுற தண்ணி. சக்கரத்துக்குத் தனி வாளி” என்றான். பெங்களூரில் ஆறு வருடம் இதே வேலை பார்த்துவிட்டு வந்தவன். உள்ளும் புறமும் சேர்த்து 7,500 ரூபாய், இரண்டு நாள் என்று சொன்னான். ஒரே நாளில் முடியாதா என்று அப்பா கேட்டதற்கு, “கார்பெட் காயாம கொடுத்தா ஒரே வாரத்துல பூஞ்சை வாடை வந்துரும்யா. அப்புறம் என்னத்தான் திட்டுவீங்க” என்றான். அந்தப் பதிலிலேயே எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

முதல் நாள் காலை நுரை அடித்து, மண்ணை ஊறவிட்டுக் கழுவினார்கள். பிறகு அவன் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கையில் மாட்டிக்கொண்டு கதவைத் தடவிப் பார்க்கச் சொன்னான். கழுவின பரப்புதான், ஆனாலும் ரவையைத் தடவுவது போல நறநறவென்று இருந்தது. பிரேக் தூசியும் கல் குவாரி லாரித் தூசியும் பெயிண்டில் பதிந்து கிடந்திருக்கின்றன. சக்கரத்தில் ஒரு மருந்தை அடித்துவிட்டு இரண்டு நிமிடம் சும்மா நின்றான். வெள்ளையாக இருந்த தண்ணீர் நாவற்பழச் சாறு மாதிரி ஊதாவாக மாறி வழிய ஆரம்பித்தது. பிரேக்கிலிருந்து உதிர்ந்த இரும்புத் துகளோடு மருந்து வினைபுரிந்தால் வருகிற நிறம் அது. கூமுட்டை நாற்றம் அடித்தது. பாடியில் மிச்சமிருந்ததைக் களிமண் மாதிரி ஒரு கட்டியால் உருட்டி உருட்டி எடுத்தார்கள்.

கூரைதான் மோசம். அப்பா வண்டியை நிறுத்துவது வீட்டு மாமரத்துக்கு அடியில். பூ எடுக்கும் காலத்தில் தத்துப்பூச்சி தேன் மாதிரி ஒன்றைக் கழிக்கும். அதன்மேல் கரும்பூஞ்சை படியும். அது காய்ந்து, கோடையில் வெந்து, பெயிண்டையே அரித்து வைத்திருந்தது. கண்ணாடியில் வெள்ளைப் புள்ளிகள். நம் பக்கத்து போர்த் தண்ணீரின் உப்பைச் சொல்லவே வேண்டாம், வெயிலில் கழுவித் துடைக்காமல் விட்டால் சுண்ணாம்பு அப்படியே ஒட்டிக்கொள்ளும். புளிப்பான ஒரு திரவத்தால் அதைக் கரைத்தான்.

பாலிஷ் போடுவதற்கு முன் பெயிண்ட் கனம் பார்க்கும் மீட்டரை எடுத்து வந்தான். கம்பெனி பெயிண்ட் என்றால் பொதுவாக 100, 120 மைக்ரான் காட்டும். அதில் மேலே இருக்கிற நிறமில்லாப் பூச்சான கிளியர் கோட் 40, 50 மைக்ரான்தான், தலைமுடி கனம்கூட இல்லை. பாலிஷ் என்பது அதிலிருந்து கொஞ்சம் சுரண்டுவதுதான், சுரண்டினது திரும்ப வராது. கூரையில் 104. பானெட்டில் 98. வலதுபக்கப் பின்கதவில் வைத்தான், 640. இன்னொரு இடத்தில் வைத்தான், 710.

“இது ஒடுங்கின இடத்துல பட்டி வச்சு நிரப்பி, மேல பெயிண்ட் அடிச்சதுக்கா. நல்லா வாங்கியிருக்கு.”

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் மரத்தைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் சொன்னார். 2019-இல் சேலம் போகும்போது தொப்பூர் கணவாய் இறக்கத்தில் ஒரு லாரி உரசிவிட்டதாம். அம்மாவும் வண்டியில் இருந்திருக்கிறார். “யாருக்கும் ஒண்ணும் ஆகலம்மா. அங்க ஒக்காந்துகிட்டு நீ அழுவறதுக்கா சொல்லணும்?” ஆறு வருடமாக வாரத்துக்கு மூன்று முறை வீடியோவில் பேசுகிறோம். அந்தக் கதவு பல தடவை பின்னால் தெரிந்திருக்கும். நான் எதுவும் பேசவில்லை, பேச வரவில்லை. அந்தப் பையன் மீட்டரை எடுத்துக்கொண்டு மெதுவாக அந்தப் பக்கம் போய்விட்டான்.

உள்ளே வேலை நடந்ததைப் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தேன். சீட்டைக் கழற்றினால் காய்ந்த மாங்கொட்டை நாலு, சாக்கு நார், ஃபாஸ்டாக் வருவதற்கு முந்தைய காலத்துச் சுங்கச்சாவடி ரசீதுகள் ஒரு கற்றை. கார்பெட்டில் சோப்புத் தண்ணீரைச் செலுத்தி, கையோடு உறிஞ்சி எடுக்கும் மெஷின் வைத்திருக்கிறார்கள். முதல் தடவை வந்த தண்ணீர் டிகாக்‌ஷன் கறுப்பு, நாலாவது தடவைதான் வெளிர் டீ. ஏசி தண்ணீர் வெளியேறும் குழாய் அடைத்து, முன்சீட்டுக் காலடியில் சொட்டிக்கொண்டிருந்ததையும் அவன்தான் கண்டுபிடித்தான். வாடைக்குப் பாதிக் காரணம் அதுதான், மாம்பழத்தை மட்டும் குற்றம் சொல்லிக்கொண்டிருந்தோம். டேஷ்போர்டில் எண்ணெய்ப் பசையாக எதையும் பூச வேண்டாம் என்றேன். “பூசினா தூசிதான் ஒட்டும், வெயில்ல முன்கண்ணாடியில பிரதிபலிக்கும்” என்று அவனே சொன்னான். எஞ்சினில் பிரஷர் தண்ணீர் அடிக்கவில்லை. ஆல்டர்னேட்டரையும் ஒயர் கனெக்டர்களையும் கவர் போட்டு மூடிவிட்டு பிரஷ், துணி, காற்று மட்டும்.

செராமிக் கோட்டிங் போடலாமா என்று நானாகத்தான் கேட்டேன். காசு வருகிறதே என்று அவன் தலையாட்டியிருக்கலாம். “மரத்தடியில நிக்கிற வண்டிக்கு எதுக்குக்கா? கல் தெறிச்சா அதுவும் தாங்காது. மூணு மாசத்துக்கு ஒருக்கா வாக்ஸ் போடுங்க, போதும்” என்றான். கூரையில் அரித்த தழும்பு முழுதாகப் போகவில்லை. இதற்குமேல் தேய்த்தால் கிளியர் கோட் போய்விடும் என்று முன்னாடியே சொல்லியிருந்தான். தூரத்திலிருந்து பார்த்தால் தெரியாது, கிட்டத்தில் தெரியும். பரவாயில்லை.

கடைசியாக ஹெட்லைட். மேலே இருப்பது கண்ணாடி அல்ல, பாலிகார்பனேட். வெயிலின் புற ஊதாக் கதிரில் மேல்பூச்சு போய் மஞ்சளாகிவிடும். 800, 1500, 2000, 3000 என்று சொரசொரப்பு குறைந்துகொண்டே வரும் உப்புத்தாளைத் தண்ணீர் தொட்டுத் தேய்த்து, பாலிஷ் போட்டு, மறுபடி யு.வி. பூச்சு அடித்தார்கள். சில கடைகளில் இந்தப் பூச்சை அடிக்காமல் கொடுத்துவிடுகிறார்கள். சில மாதத்திலேயே பழையபடி மஞ்சளாகிவிடும். கேட்டு வாங்குங்கள்.

நான் திரும்பிய அன்று சாயங்காலம் பெங்களூர் விமான நிலையத்துக்கு அதே வண்டிதான். சித்தப்பா மகனும் கூட வந்தான். ஆனால் ஸ்டியரிங்கை அப்பா விடவில்லை. சூளகிரி தாண்டும்போது இருட்டிவிட்டது. ஒரு வருடமாகவே அவர் இரவில் ஓட்டுவதில்லை, கண் மங்கிவிட்டது என்று தோப்புக்குக்கூடப் பொழுது சாய்வதற்குள் போய்வந்து கொண்டிருந்தார். ஹெட்லைட்டைப் போட்டார். சாலை ஓரத்து வெள்ளைக்கோடு வெகுதூரம் வரை தெரிந்தது. கொஞ்ச தூரம் பேசாமல் ஓட்டிவிட்டு, “எங் கண்ணு இல்லம்மா, லைட்டுதான் போல” என்றார்.

அடுத்த வாரமே கண்ணையும் காட்டிவிட்டு வரச் சொன்னேன். என்ன சொன்னாலும் மறைக்காமல் எனக்குச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னேன். “சொல்றேன்” என்றார். ஓசூர் வந்ததும் தம்பி ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டான்.