நார்த் கோஸ்ட் 500: எந்தப் பக்கமாகச் சுற்றுவது?

நார்த் கோஸ்ட் 500 என்பது ஸ்காட்லாந்தின் வடக்கைச் சுற்றிவரும் சாலைப் பயணப் பாதை. இன்வர்னெஸ் நகரில் தொடங்கி அங்கேயே முடியும் இந்தச் சுற்று சுமார் 830 கிலோமீட்டர். எந்தப் பக்கமாகக் கிளம்புவது என்பதை முதலிலேயே முடிவு செய்துவிடுங்கள்.

கடிகாரச் சுற்றில் போனால் மேற்குக் கரை முதலில் வரும். வண்டி இடப்பக்கம் ஓடுவதால், வடக்கே ஏறும்போது கடலும் அதே இடப்பக்கமே இருக்கும். ஆனால் ஆரம்பத்திலேயே பெலாக் நா பா கணவாய், 626 மீட்டர் உயரம். ஒரே வண்டி போகும் அகலம், கொண்டை ஊசி வளைவுகள். எதிரே வண்டி வந்தால், அதற்கென்றே சாலையோரம் அகலப்படுத்தியிருக்கும் வழிவிடும் இடத்தில் ஒதுங்க வேண்டும். அந்த இடம் வலப்பக்கம் இருந்தால் அதற்குள் திருப்பாமல், அதற்கு நேர் எதிரே இடப்பக்கமே நின்று வழிவிடுங்கள்.

எதிர்ச்சுற்றில் முதலில் கிழக்குக் கரை. சாலை அகலம், காட்சி சாதாரணம்தான். பிறகு வட கரையில் ஜான் ஓ குரோட்ஸ், டன்னெட் முனை, அப்புறம் டர்னஸ் தாண்டி மேற்குக் கரையில் தெற்கே திரும்பினால் மலையும் கடலும் நாளுக்கு நாள் கூடிக்கொண்டே வரும். அதற்குள் குறுகிய சாலையும் கைக்குப் பழகியிருக்கும்.

என் ஓட்டு எதிர்ச்சுற்றுக்கே. நல்ல காட்சியைக் கடைசிக்கு வைப்பதில் ஒரு சுகம் இருக்கிறது. கேரவன் இழுத்துப் போகிறவர்கள் மட்டும் எப்படிச் சுற்றினாலும் கணவாயைத் தவிர்த்துவிடுங்கள்.