ஆர்எக்ஸ்-7 எரிபொருள் அமைப்பு: பம்ப் முதலில், இன்ஜெக்டர் அப்புறம்

மாஸ்டா ஆர்எக்ஸ்-7 இந்தியாவில் ஷோரூமுக்கு வந்த கார் அல்ல. மூன்று வருடம் தாண்டிய பழைய காரை இறக்குமதி செய்ய நம் விதிகளும் பொதுவாக இடம் கொடுப்பதில்லை. ஆகவே சென்னையில் அதன் மூன்றாம் தலைமுறையான எஃப்டி மாடல் வைத்திருப்பவர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள்தான். இருந்தாலும் கேள்வி மட்டும் நிற்பதில்லை. இங்கே ஒன்றிரண்டு பேர், மலேசியாவிலும் வளைகுடாவிலும் இருக்கும் தம்பிகள் நாலைந்து பேர், எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, பூஸ்ட் ஏத்தப் போறேன். இன்ஜெக்டர் மாத்தணுமா, பம்ப் மாத்தணுமா?" பூஸ்ட் என்றால் டர்போ இன்ஜினுக்குள் தள்ளும் காற்றின் அழுத்தம். காற்று கூடினால் பெட்ரோலும் கூட வேண்டும்: டேங்க்கிலிருந்து அதைத் தள்ளுவது பம்ப், இன்ஜினுக்குள் தெளிப்பது இன்ஜெக்டர்.

முதலில் கம்பெனி என்ன கொடுத்தது என்று பார்த்துவிடுவோம். 1991 முதல் 2002 வரை வந்த எஃப்டியில் இருப்பது 13பி-ஆர்இடபிள்யூ இன்ஜின். பிஸ்டனுக்குப் பதிலாக முக்கோண ரோட்டார் சுழலும் ரோட்டரி வகை. 654 சிசி வீதம் இரண்டு ரோட்டார், அடுத்தடுத்து வேலை செய்யும் இரண்டு டர்போ. ஜப்பானில் 255 பிஎஸ்ஸில் தொடங்கி, 1999-ல் 280-க்கு வந்தது. இன்ஜெக்டர் நான்கு. எப்போதும் ஓடும் பிரைமரி இரண்டும் தலா நிமிடத்துக்கு 550 சிசி, லோடு ஏறும்போது சேரும் செகண்டரி இரண்டும் தலா 850 சிசி. மொத்தம் 2800. இன்ஜெக்டரை 85 சதவீதத்துக்கு மேல் திறந்து வைக்கக் கூடாது என்பது பொது வழக்கம். அப்படிப் பார்த்தால் நம் கைக்கு வருவது 2380.

ரோட்டரி பெட்ரோலை அள்ளிக் குடிக்கும் இன்ஜின். டர்போ வைத்த ரோட்டரிக்கு ஒரு குதிரைத்திறனுக்கு நிமிடத்துக்கு 7 சிசி என்று வைத்துக்கொண்டால் கணக்கு பெரிதாகத் தவறாது. இ20 பெட்ரோலில் 7.5 என்று வையுங்கள், ஏனென்றால் 20 சதவீத எத்தனால் கலந்தால் அதே வேலைக்கு ஏறக்குறைய 8 சதவீதம் அதிகம் ஊற்ற வேண்டும். ஸ்டாக் (கம்பெனி பொருத்திய) இன்ஜெக்டர்கள் சாதாரண பெட்ரோலில் 340 குதிரைத்திறன் வரை தாங்கும் என்றால், இன்று சென்னை பங்க்கில் கிடைக்கும் பெட்ரோலில் 317-தான். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமலேயே 20 குதிரைத்திறனுக்கு மேல் போய்விட்டது. வெளிநாட்டு வீடியோவில் சொல்லும் எண்ணை அப்படியே நம்பி பூஸ்ட் ஏற்றுபவர்கள் மாட்டிக்கொள்வது இங்கேதான்.

பிஸ்டன் இன்ஜின் கொஞ்சம் லீன் ஆனால், அதாவது பெட்ரோல் குறைந்தால், சத்தம் போட்டு எச்சரிக்கும். சமயத்தில் தப்பித்தும் விடும். ரோட்டரியில் ஒன்றிரண்டு முறை பலமாக நாக் ஆனாலே, அதாவது பெட்ரோல் கட்டுமீறி வெடித்தாலே, ரோட்டார் முனையில் இருக்கும் அபெக்ஸ் சீல் உடைந்துவிடலாம். உடைந்த துண்டு ஹவுசிங்கைக் கீறிக்கொண்டே வெளியே போய் டர்போவையும் பதம் பார்க்கும். அதனால் கீழே சொல்லும் வழிகளில் எது மலிவு என்பதைவிட, தப்பு நடந்தால் எது மன்னிக்கும் என்பதைத்தான் நான் பார்க்கிறேன்.

சரி, வழிகளுக்கு வருவோம்.

இன்ஜெக்டரை அப்படியே விட்டுவிட்டு, பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில் பிரஷரை ஏற்றுவது ஒன்று. செலவு குறைவு என்பதால் பலருக்கும் ஆசை வரும். 3 பாரை 4 பாராக்கினால் இன்ஜெக்டர் 15 சதவீதம் கூடுதலாகக் கொடுக்கும். பிரஷர் ஏறிய அளவுக்கு ஓட்டம் ஏறாது, அதன் வர்க்கமூலம் அளவுக்குத்தான் ஏறும். அதே நேரத்தில் பம்ப் தள்ள வேண்டிய எதிர்ப்பு கூடுவதால் பம்ப் கொடுப்பது குறைகிறது. ஒரு பக்கம் வாங்கி மறுபக்கம் கொடுத்துவிடுகிறோம். பூஸ்ட் ஒரு பார் என்றால், இன்ஜெக்டர்களுக்குப் பெட்ரோல் கொடுக்கும் குழாயான ரெயிலில் நாலும் ஒன்றும் சேர்ந்து 5 பார் நிற்க வேண்டும். பழைய பம்ப் அங்கே மூச்சு வாங்கும். இந்த வழியை நான் யாருக்கும் சொல்வதில்லை. ரெகுலேட்டர் பூஸ்ட்டோடு ஒன்றுக்கு ஒன்று ஏறினால் போதும், அதற்கு மேல் அதனிடம் வேலை வாங்க வேண்டாம்.

உண்மையான போட்டி செகண்டரி இரண்டை மட்டும் மாற்றுவதா, நான்கையும் மாற்றுவதா என்பதில்தான்.

செகண்டரியில் 1300 சிசி போட்டால் மொத்தம் 3700. இ20-ல் 419 குதிரைத்திறன் வரை இடம் இருக்கிறது. 1600 போட்டால் 487. செகண்டரிகள் காற்று உள்ளே போகும் கீழ் மேனிஃபோல்டில் உட்கார்ந்திருப்பதால் கைக்கு ஓரளவு எட்டும். பிரைமரி அதே 550 என்பதால் ஐடிலும் அண்ணா சாலை டிராஃபிக்கில் ஊர்வதும் கம்பெனி கொடுத்த மாதிரியே இருக்கும். இதுதான் இந்த வழியின் பெரிய லாபம். நஷ்டம் பிரைமரியிலிருந்து செகண்டரிக்குக் கைமாறும் இடத்தில் இருக்கிறது. 550 மட்டும் ஓடிக்கொண்டிருக்கும்போது திடீரென்று 1600 திறந்தால், அது எவ்வளவு குறைந்த நேரம் திறந்தாலும் ஊற்றுவது அதிகம். கார் ஒரு குலுக்கு குலுக்கும். நல்ல டியூனர் இதைப் பெருமளவு மறைத்துவிடலாம், அதற்கு காரை நின்ற இடத்திலேயே ஓட்டிச் சக்தியை அளக்கும் டைனோவில் நேரம் கொடுக்க வேண்டும். 1300-ல் இந்தத் தொல்லை குறைவு. 400-ஐ ஒட்டி நிறுத்துபவர்களுக்கு 1600 தேவையே இல்லை என்று நான் சொல்வது இதனால்தான். பழைய வகை 1600-களில் பல லோ இம்பீடன்ஸ் (மின்தடை குறைந்தவை) என்பதையும் கவனியுங்கள். ரெசிஸ்டர் இல்லாமல் போட்டால் இன்ஜின் கம்ப்யூட்டரில் இன்ஜெக்டரை இயக்கும் டிரைவர் சர்க்யூட் கருகும்.

நான்கையும் மாற்றும்போது பிரைமரிக்கு 1000, செகண்டரிக்கு 1700 என்ற மாதிரி போவார்கள். 600 குதிரைத்திறனுக்கு மேல் இடம் கிடைக்கும். பெரிய பிரைமரி போட்டால் ஐடில் கெட்டுப்போகும் என்பது பழைய காலத்துப் பேச்சு. இப்போதைய இன்ஜெக்டர்கள் சின்னத் துடிப்பிலும் கணக்காக ஊற்றுகின்றன. பெரிய செலவு இன்ஜெக்டரில் இல்லை, அதை எட்டுவதில் இருக்கிறது. பிரைமரி இரண்டு ரோட்டாருக்கும் நடுவிலுள்ள தகட்டில் இருக்கிறது. அங்கே போக மேல் மேனிஃபோல்டைக் கழற்ற வேண்டும். அதன் அடியில் டர்போக்களைக் கட்டுப்படுத்தும் வேக்யூம் ஹோஸ்கள் பின்னிக்கொண்டு கிடக்கும். இருபத்தைந்து வருடச் சூட்டில் வெந்த ரப்பர், தொட்டாலே முறியும். ஒன்றைத் தவறான இடத்தில் மாட்டினாலும் இரண்டாவது டர்போ ஒழுங்காக வராது.

இதைச் சொன்னதும் "அப்ப செகண்டரி மட்டும் போதும்" என்று தோன்றும். ஆனால் பெட்ரோல் அழுத்தத்தின் துடிப்பை அடக்கும் பல்சேஷன் டேம்ப்பர் ஒன்று இருக்கிறதே! பிரைமரி ரெயில் பக்கம், அதே மேனிஃபோல்டின் அடியில். வயதானால் பெட்ரோல் கசியும். எஃப்டி தீப்பிடித்த கதைகளில் அடிக்கடி அடிபடுவது இந்தப் பெயர்தான். பக்கத்திலிருக்கும் எரிபொருள் ஹோஸ்களும் அதே வயசு. எத்தனால் பழைய ரப்பரை ஊறவைத்து, காய்ந்ததும் விறைக்கச் செய்யும். வளைத்துப் பார்த்தால் மேலே மெல்லிய கோடுகள் தெரியும். இ20 ஊற்றி ஓட்டும் எஃப்டி என்றால் அந்த இடத்தை எப்படியும் ஒருமுறை திறந்துதான் ஆக வேண்டும். திறந்த கையோடு பிரைமரியையும் மாற்றுவதா என்பதைக் கம்ப்யூட்டர் முடிவு செய்யட்டும். ஸ்டாக் கம்ப்யூட்டரில் இன்ஜெக்டரைத் தொடவே கூடாது. ஸ்டாக் கம்ப்யூட்டர் இடத்தில் மாட்டி டியூன் செய்யக்கூடிய பவர் எஃப்சி இருந்தால் 550-ஐ எடுத்துச் சுத்தம் செய்து, ஓட்டம் அளந்து, திரும்பப் போட்டுவிடுங்கள், செகண்டரிக்கு 1300. ஹால்டெக், லிங்க் போன்ற முழு ஸ்டாண்டலோன் (முழுக்கத் தனியாக டியூன் செய்யும் கம்ப்யூட்டர்) வைத்திருந்தால் நான்கையும் மாற்றுங்கள், கூடவே எத்தனால் சென்சாரும் போடுங்கள். நம் ஊரில் அந்த சென்சார் ஆடம்பரம் இல்லை. 100 ஆக்டேன் எக்ஸ்பி100 எல்லா பங்க்கிலும் கிடைப்பதில்லை. அதில் டியூன் செய்த காரை ராத்திரி ஈசிஆரில் வழியில் பார்த்த பங்க்குக்குள் விட்டால் டேங்க்கில் கலப்பது வேறு பெட்ரோல், வேறு எத்தனால் அளவு. சென்சார் இருந்தால் கம்ப்யூட்டர் தானாகச் சரிசெய்யும். இல்லையென்றால் நீங்கள்தான் பூஸ்ட்டைக் குறைத்து வீடு வந்து சேர வேண்டும். மீட்டரை ஏஎஃப்ஆரில் (காற்று-பெட்ரோல் விகிதம்) படிக்காமல் லாம்டாவில் (அந்தந்தப் பெட்ரோலுக்குச் சரியான விகிதத்தை 1 என்று வைத்த அளவு) படிக்கப் பழகுவதும் இங்கே உதவும். முழு பூஸ்ட்டில் 0.75-ஐ ஒட்டி என்றால் எந்தப் பெட்ரோலுக்கும் அதே அர்த்தம்தான்.

இவ்வளவும் சொன்ன பிறகும், முதல் காசை நான் பம்ப்பில்தான் போடுவேன். 400 குதிரைத்திறனுக்கு இ20-ல் நிமிடத்துக்கு 3000 சிசி, அதாவது மணிக்கு 180 லிட்டர் ரெயிலுக்குப் போய்ச் சேர வேண்டும். வால்ப்ரோ 255 பம்ப் என்றால் மணிக்கு 255 லிட்டர் என்று நினைக்கிறோம். அது குறைந்த பிரஷரில் முழு வோல்டேஜ் கிடைக்கும்போது. 4 பாரில் 200-ஐச் சற்றுத் தாண்டும், வோல்டேஜ் 12-க்கு இறங்கினால் அந்த மிச்சமும் கரைந்துவிடும். எஃப்டியில் குறைந்த லோடில் பம்ப் வோல்டேஜைக் குறைக்க ரெசிஸ்டர் ஒன்றை வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். அதனால் ஐடிலில் குறைவாகக் காட்டினால் பயப்பட வேண்டாம். பின்பக்கக் கார்ப்பெட்டின் கீழ் பம்ப் கனெக்டரில் மல்டிமீட்டரை மாட்டி, வயரை சீட்டு வரை நீட்டி, டைனோவில் முழு பூஸ்ட் கொடுக்கும்போது பாருங்கள். பேட்டரியில் 13.8 இருக்க, பம்ப்பில் 11.5 நிற்கும். அம்பத்தூர் பக்கம் எலக்ட்ரிகல் வேலை பார்க்கும் பெரியவர் ஒருவர் இதைப் பார்த்துவிட்டு, "இன்ஜெக்டர்ல ஒண்ணும் இல்ல தம்பி, கரண்ட்டுதான் பத்தல" என்றார். மொட்டைமாடி டேங்க் நிறைந்திருந்தாலும் அரை இஞ்ச் பைப்பில் கீழ்வீட்டுக்குத் தண்ணீர் சொட்டுகிற கதைதான். பேட்டரியிலிருந்து தடித்த வயர், தனி ரிலே, தனி ஃபியூஸ், நல்ல எர்த். வண்டி உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜிபி ரோட்டில் எல்லாமே கிடைக்கும். மொத்தத் திட்டத்திலேயே மலிவான வேலை இது.

255-ஆ, 450-ஆ என்றால், இ20 வந்த பிறகு என் ஓட்டு 450-க்கு. காரணம் அளவு மட்டும் இல்லை. பழைய 255 எத்தனாலுக்கென்று செய்யப்பட்டதல்ல, 450 எத்தனால் தாங்கும். ஆனால் அதற்கு ஏறக்குறைய இரு மடங்கு கரண்ட் வேண்டும், எனவே புது வயரிங் கட்டாயம். ஸ்டாக் ரெகுலேட்டரால் அவ்வளவு பெட்ரோலைத் திருப்பி அனுப்ப முடியாமல் ஐடிலில் பிரஷர் ஏறி ரிச்சாக, அதாவது பெட்ரோல் அதிகமாகி, ஓடும். புது ரெகுலேட்டரும் தாராளமான ரிட்டர்ன் லைனும் சேர்ந்தே வர வேண்டும். இன்ஜின் சூட்டை வாங்கிக்கொண்டு பெட்ரோல் திரும்பத் திரும்ப டேங்க்குக்கு வருவதால், மே மாதத்தில் கால் டேங்க்கோடு ஓட்டினால் டேங்க்கே சூடேறிக் கிடக்கும். அரை டேங்க்குக்குக் கீழே விடாமல் இருப்பது நல்லது. நகல் வால்ப்ரோ உலகம் முழுக்க உலவுகிறது. விலை ரொம்பக் குறைவாக இருந்தால் அங்கேயே விட்டுவிடுங்கள்.

எப்போதும் நிறைந்திருக்கும் சின்ன இடைத்தொட்டியான சர்ஜ் டேங்க் வைத்து இரண்டு பம்ப் ஓட்டும் வழியும் உண்டு. தெருவில் ஓடும் காருக்கு அது வேண்டாம். இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் தொடர்ந்து சுற்றுபவருக்கு, வளைவில் பெட்ரோல் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சுவதைத் தடுக்க வேறு நம்பகமான வழி குறைவு. எஃப்டியில் பின்பகுதியும் கேபினும் ஒரே அறை என்பதால், சர்ஜ் டேங்க்கை மூடிய பெட்டிக்குள் வைத்து ஆவியை வெளியே விடும் குழாய் போட வேண்டும். அதற்கான இடமும் பணமும் இல்லையென்றால், ரெயிலில் பிரஷர் சென்சார் ஒன்று மாட்டி, பிரஷர் விழுந்த நொடியில் கம்ப்யூட்டர் பூஸ்ட்டை வெட்டும்படி செட் செய்துவிட்டு டிராக்குக்குப் போங்கள்.