12.9 போல்ட்டா, 8.8ஆ, ஸ்டெயின்லெஸ்ஸா?

திருகோணமலையில் படகு என்ஜினை இருத்தப் போல்ட் தேடுகிறவர், தலையில் 12.9 என்ற பலத் தரக் குறி அடித்ததைக் கண்டால் வேறொன்றைப் பார்க்கமாட்டார். பலமும் உண்மைதான்: இழுவலிமை சதுர மில்லிமீற்றருக்கு 1200 நியூட்டன், 8.8க்கு 800. என்றாலும் கடலோரத்துக்கு நான் எடுப்பது 8.8.

காரணம் ஐதரசன். அமிலத்தில் கறள் எடுக்கும்போதும் மின்முலாமாக நாகம் (துத்தநாகம்) பூசும்போதும் பிறக்கும் ஐதரசன் அணுக்கள் உருக்குக்குள் புகுந்துவிடும். போல்ட்டை இறுக்கியதும், இழுவிசை மிகுந்த புரியின் அடிக்கும் தலையின் கழுத்துக்கும் மெல்ல மெல்ல நகரும். சில மணித்தியாலமோ சில நாளோ கழித்து, ஒருவரும் தொடாதபோது தலை தெறிக்கும். உடைந்த முகத்தில் இழுபட்டு மெலிந்த அடையாளம் இராது. கற்கண்டை உடைத்ததுபோல மணிமணியாக மினுங்கும்.

உருக்கு கடினமாக ஆக ஆபத்தும் கூடும். கடினத்தை அளக்கும் விக்கர்ஸ் வன்மை எண் 390ஐத் தாண்டினால் கவனம் தேவை. 12.9 இருப்பதே 385க்கும் 435க்கும் இடையில், 8.8 335ஐத் தாண்டாது. முலாமிட்ட கையோடு 200 பாகை செல்சியஸ் அளவில் பல மணித்தியாலம் சூடாக்கினால் ஐதரசன் பெரும்பாலும் வெளியேறும். ஆனால் பளபளக்கும் போல்ட்டைப் பார்த்து, சூடாக்கினார்களா என்று யார் சொல்வது? கறுப்பு 12.9இல் முலாம் இல்லாததால் அந்தப் பயம் இல்லை. ஆனால் கொட்பேத் துறைமுகத்தில் கட்டிவைத்த படகில் ஒரு மாரி போதும், கறள் ஏறிவிடும். அதை எடுக்க அமிலத்தில் ஊறப்போட்டால் கதை முடிந்தது.

உருகிய நாகத்தில் தோய்த்த 8.8 தப்புவது பூச்சினால் அல்ல, மென்மையினால். சான் பிரான்சிஸ்கோ விரிகுடாப் பாலத்தில் 2013இல் இறுக்கிய 96 நங்கூரக் கம்பிகளில் 32 உடைந்தன. அவையும் நாகத்தில் தோய்த்தவைதான், ஆனால் 8.8ஐவிடக் கடினமான உருக்கு, தண்ணீர் தேங்கிய குழிகளில் கிடந்தவை.

ஸ்டெயின்லெஸ் 316க்குள் ஐதரசன் மிக மெதுவாகவே ஊரும். விலை கூட, புரி இறுகிப் பிடித்துக்கொள்ளும், கிறீஸ் பூசாமல் முடுக்கக்கூடாது. 316இன் ஏ4-70 வகைப் போல்ட் நெளியத் தொடங்குவது சதுர மில்லிமீற்றருக்கு 450 நியூட்டனில், 8.8 நெளியாமல் தாங்குவது 640 வரை. அதே பருமனில் மாற்றிவிடாதீர்கள்.

இரும்புப் படகின் அடியில் கறளைத் தடுக்க நாகக் கட்டி பொருத்தியிருந்தால், அதனோடு தொடுப்புள்ள நீர்மூழ்கிய பாகங்களில் 12.9 வேண்டவே வேண்டாம். அந்தக் கட்டியால் எழுந்து கறளைத் தடுக்கும் அதே மின்னோட்டம் அந்தப் போல்ட்டின் மேல் ஐதரசனை உண்டாக்கும்.