மலையகத் தமிழர் நிலவரம்: எந்தத் தரவை நம்பலாம்?

வெள்ளையர் காலத்தில் தோட்ட வேலைக்காக இந்தியாவிலிருந்து இலங்கைக்கு வந்தவர்களின் வழித்தோன்றல்களான மலையகத் தமிழர் பற்றித் தேட ஆரம்பித்தால் முதலில் அகப்படுவது இலங்கைக் குடிசன மதிப்பீடு. அதில் இவர்களுக்குப் பெயர் 'இந்தியத் தமிழர்': 1981இல் 8 லட்சத்து 18 ஆயிரம் பேர், 2012இல் 8 லட்சத்து 39 ஆயிரம். முப்பது வருடத்தில் இவ்வளவுதானா கூடினார்கள்? ஒரு பகுதியினர் இலங்கையும் இந்தியாவும் 1964இல் செய்த சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தியாவுக்குக் கப்பலேறிவிட்டார்கள், சரி. ஆனால் இருந்தவர்களில் பலர் 'இலங்கைத் தமிழர்' என்றே பதிந்துகொண்டார்கள். தலைக்கணக்குக்கு இதைவிட்டால் வேறு கதியில்லை, அதற்காக அப்படியே விழுங்கிவிட வேண்டாம்.

வறுமை என்றால் நான் நேராகப் போவது, குடிசன மதிப்பீட்டை எடுக்கும் அதே புள்ளிவிபரத் திணைக்களம் நடத்தும் வீட்டு வருமான, செலவின ஆய்வுக்கு. 2019இல் நாடு முழுக்க வறியோர் 14.3 சதவீதம், தோட்டத் துறையில் 33.8. ஆனால் இது அளப்பது இடத்தை, இனத்தை அல்ல. 20 ஏக்கருக்குக் குறையாத, குறைந்தது 10 தொழிலாளர் குடியிருக்கும் தோட்டம்தான் கணக்கில் வரும். ஆகவே கொழும்பில் கடை வேலைக்குப் போன பையனும், வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் குடியேறிய குடும்பமும் வெளியே, தோட்டத்துக்குள் வசிக்கும் சிங்களக் குடும்பம் உள்ளே. இதைப் பார்க்காமல் 'மலையகத் தமிழரில் மூன்றில் ஒருவர் ஏழை' என்று தலைப்புப் போடுவது வெறும் சோம்பேறித்தனம். போதாததற்கு, 2022 பொருளாதார நெருக்கடிக்கு முந்திய எண் இது.

சம்பள விஷயத்தில்தான் தலை சுற்றும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாய் என்று வர்த்தமானி (அரசிதழ் அறிவிப்பு) வந்தது. கொடுக்கிறோம் என்றார்கள் கம்பனிக்காரர்கள், கைக்கு வரவில்லை என்றார்கள் தொழிற்சங்கத்தினர். இருவர் அறிக்கையையும் ஓரமாக வைத்துவிட்டுச் சம்பளத் துண்டைப் பாருங்கள்: எத்தனை நாள் வேலை கொடுத்தார்கள், கொழுந்து நிறை குறைந்ததால் எத்தனை நாள் அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) விழுந்தது, முற்பணம், சந்தா, கழிவு எவ்வளவு. நாள் வீதத்தைச் சொல்பவரும் மாதக் கடைசியில் கிடைத்த தொகையைச் சொல்பவரும் வேறு வேறு கணக்கைப் பேசுகிறார்கள்.

சமகால அடிமைமுறை பற்றிய ஐ.நா. சிறப்பு அறிக்கையாளர் டொமோயா ஒபோகாட்டா 2021 கடைசியில் நேரில் வந்து, 2022இல் அறிக்கை கொடுத்தார். சம்பளப் பேரத்தில் அவருக்குப் பங்கில்லை என்பதால் லயத்து (தோட்டத்து வரிசை வீடுகளின்) வாழ்க்கைக்கும் வேலை நிலைமைக்கும் என் ஓட்டு அவருக்கு. சதவீதம் வேண்டுமென்றால் மட்டும் அங்கே போகாதீர்கள், குறுகிய பயணத்தில் கேட்ட வாக்குமூலம் அது. எண்ணுக்கு ஆய்வு, ஆளின் குரலுக்கு ஒபோகாட்டா.