பார்ட்டிஷனுக்கு முதலில் பெயர் வையுங்கள்: விண்டோசும் லினக்சும் ஒரே லப்டொப்பில்

என் லப்டொப்பில் விண்டோசும் லினக்ஸ் மின்ட் என்ற இலவச இயங்குதளமும் பல வருடமாக ஒன்றாக இருக்கின்றன. 256 ஜிபி எஸ்எஸ்டி ஒன்று, 1 டிபி ஹாட்டிஸ்க் ஒன்று. கணக்கு வேலைக்கு விண்டோஸ், மற்ற எல்லாவற்றுக்கும் மின்ட். 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10 க்கான ஆதரவு நின்றுவிட்டதால், 11 ஏறாத பழைய கணினி வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து நண்பர்கள் பலர் இப்போது லினக்ஸ் பற்றி விசாரிக்கிறார்கள். எல்லோரும் தடுமாறும் இடம் ஒன்றுதான்: நிறுவும்போது வரும் பார்ட்டிஷன் பட்டியல். பார்ட்டிஷன் என்பது டிஸ்க்கைப் பிரித்து வைத்த ஒரு பகுதி.

கொக்குவிலில் இருந்து கம்பஸ் போகிற தம்பி ஒருவர் அண்மையில் தன் கணினியோடு வந்தார். "அண்ணை, இதில சி டிரைவ் எது? எல்லாம் ஒரே மாதிரிக் கிடக்கு" என்றார். அவர் கேட்டது நியாயம். சி, டி என்ற எழுத்துகளை விண்டோஸ் தன் பதிவேட்டுக்குள் வைத்துக்கொள்கிறது, டிஸ்க்கில் எழுதுவதில்லை. அதனால் லினக்ஸ் நிறுவிக்கு அவை தெரியவே தெரியாது. பார்ட்டிஷனுக்கு நாம் வைக்கும் பெயர், அதாவது லேபல், அந்தப் பார்ட்டிஷனுக்குள்ளேயே எழுதப்படுகிறது. எந்த இயங்குதளத்தில் திறந்தாலும் அது கூடவே வரும். இவ்வளவு காலப் பாவனையில் எனக்கு மிகவும் கைகொடுத்தது இந்தப் பெயர்தான். கடையில் போமற் பண்ணி வரும் கணினிகளில் டியும் ஈயும் 'நியூ வொல்யூம்' என்றே இருப்பது எனக்கு உண்மையில் கவலை. பெயர் மாற்ற ஒரு நிமிடம்கூட ஆகாது.

பெயரை ஆங்கில எழுத்தில் சுருக்கமாக வையுங்கள். லினக்ஸின் போமற் வகையான ஈஎக்ஸ்டி4 பார்ட்டிஷனில் லேபலுக்கு 16 பைட் இடம்தான். தமிழில் ஒவ்வொரு எழுத்துக்கும், குறிலை நெடிலாக்கும் குறிக்கும், புள்ளிக்கும்கூட மூன்று மூன்று பைட் போகும். 'வீடு' 12 பைட்டில் அடங்கும். 'நூலகம்' 18 ஆகிவிடும், ஏறாது. விண்டோசின் போமற் வகையான என்டிஎஃப்எஸ் 32 எழுத்து வரை தாங்கும், அங்கே தமிழில் வைத்தாலும் சரி.

எந்தப் பார்ட்டிஷன் எது என்று அளவை வைத்துக் கண்டுபிடிக்கலாம் என்று பலர் நினைக்கிறார்கள். அதுதான் ஆளைக் குழப்பும். 1 டிபி ஹாட்டிஸ்க் விண்டோசில் 931 ஜிபி, 256 ஜிபி எஸ்எஸ்டி 238 ஜிபி. டிஸ்க் செய்கிறவர்கள் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார்கள், விண்டோஸ் 1024 ஆக எண்ணுகிறது. விண்டோசில் ஒரு பார்ட்டிஷனைச் சுருக்கிச் சரியாக 100 ஜிபி காலியாக விட்டால் மின்ட் நிறுவியில் அது ஏறத்தாழ 107,374 எம்பி என்று நிற்கும். அந்த இலக்கத்தைப் பார்த்து 'இது என்னுடையது இல்லையோ' என்று பயப்பட வேண்டாம். டிஸ்க்கைப் பிரிக்க விண்டோசில் இருக்கும் டிஸ்க் மனேஜ்மென்ட் கருவியிலேயே பார்ட்டிஷனைச் சுருக்கி, கிடைக்கும் இடத்தைக், காலியாகவே விடுங்கள். நிறுவியில் 'ஃப்ரீ ஸ்பேஸ்' என்று வருவது அதுதான்.

பட்டியலில் எஸ்டிஏ1, எஸ்டிஏ2 என்று வரும் இலக்கமும் நம்பத்தக்கதல்ல. எஸ்டிஏ, எஸ்டிபி என்பவை டிஸ்க்குகளைக் கண்ட வரிசையில் வைக்கும் பெயர்கள். பென்ட்ரைவ் செருகியிருந்தால் இடம் மாறலாம். விண்டோஸ் பெரிய அப்டேட் ஒன்றின்போது, பழைய மீட்புப் பார்ட்டிஷனில் இடம் போதாவிட்டால் சியைக் கொஞ்சம் சுருக்கிப் புதிதாக ஒன்றை உண்டாக்கும். அது டிஸ்க்கின் நடுவில் இருந்துகொண்டு கடைசி இலக்கத்தை எடுத்துக்கொள்ளும். வரிசை வேறு, இலக்கம் வேறு என்றாகிவிடும்.

லினக்ஸில் கட்டளை அடிக்கும் டெர்மினலில் எல்எஸ்பிஎல்கே கட்டளையை மைனஸ் எஃப் சேர்த்துக் (lsblk -f) கொடுத்தால் பெயர், வகை, ஒவ்வொரு பார்ட்டிஷனுக்கும் உரிய தனி அடையாள எண்ணான யூயூஐடி மூன்றும் ஒரே பார்வையில் வரும். யூயூஐடியின் உருவமே ஆளைக் காட்டிக்கொடுக்கும்: நடுவில் கோடு போட்ட எட்டு எழுத்து என்றால் எஃப்ஏடி, கோடு இல்லாத பதினாறு என்றால் என்டிஎஃப்எஸ், நீளமாகக் கோடு கோடாக வந்தால் பெரும்பாலும் ஈஎக்ஸ்டி4. தம்பியின் கணினியில் 100 எம்பி அளவில் எஃப்ஏடி32 ஒன்று இருந்தது. அதுதான் ஈஎஃப்ஐ, இரண்டு இயங்குதளமும் தொடங்கும் இடம். "அதைப் பாவியும், ஆனால் போமற் பண்ணாதையும்" என்று சொன்னேன். பக்கத்தில் இருந்த 16 எம்பி விண்டோஸ் தனக்கென ஒதுக்கியது. அதைத் தொடவே தேவையில்லை.

இரண்டிலும் பாவிக்கும் டேட்டா பார்ட்டிஷனை என்டிஎஃப்எஸ் ஆக வைத்து, தொடங்கும்போது எந்தப் பார்ட்டிஷனை இணைப்பது என்று லினக்ஸ் பார்க்கும் எஃப்எஸ்டாப் (fstab) கோப்பில் யூயூஐடி கொடுத்து, நோஃபெயில் (nofail) என்ற சொல்லைச் சேர்த்திருக்கிறேன். ஹாட்டிஸ்க் ஒருநாள் கிடைக்காவிட்டாலும் மின்ட் நிற்காமல் திறக்கும். விண்டோசில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிடுங்கள். இல்லையென்றால் விண்டோஸ் முழுதாக மூடாமல் அரைத்தூக்கத்தில் கிடக்கும், லினக்ஸில் அந்தப் பார்ட்டிஷனைப் படிக்கலாம், எழுத முடியாமல் போகும்.

விண்டோஸ் 11 இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசொஃப்ட் கணக்கில் நுழைந்திருந்தால் டிஸ்க்கைச் சாவி போட்டுப் பூட்டும் பிட்லொக்கர் தானாகவே போட்டிருக்கலாம். பட்டியலில் வகை பிட்லொக்கர் என்று வந்தால் அங்கேயே நிறுத்தி, 48 இலக்க மீட்புச் சாவியைத் தாளில் எழுதிக்கொண்டு தொடருங்கள்.

அப்புறம் கரண்ட். 2022 மார்ச் கடைசியில் நாட்டில் 13 மணிநேரம்வரை மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது அப்படியில்லை, ஆனாலும் மேசைக் கணினியில் யூபிஎஸ் இல்லாமல் பார்ட்டிஷன் சுருக்கத் தொடங்காதீர்கள். தொடங்குமுன் டிஸ்க் மனேஜ்மென்ட் திரையை ஃபோனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். நிறுவி திறந்தபிறகு விண்டோசுக்குத் திரும்பிப் போய்ப் பார்க்க முடியாது.